விளக்கை அணைத்த பிறகும் விடாத படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய்ப்படப் பைத்தியம் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். சில படங்களின் முக்கியக் காட்சிகளைப் போட்டு உடைத்திருக்கிறேன். படத்தின் பெயரைப் பார்த்ததும், இன்னும் பார்க்காதவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த பேய்ப்படம் எது?

பிடித்த படம் வேறு, பயமுறுத்திய படம் வேறு. எனக்குப் பிடித்தது ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' (1979). சாப்பாட்டு மேசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு அந்த ஜந்து வெளியே வருமே, அந்தக் காட்சியில் எவ்வளவு ரத்தம் தெறிக்கப்போகிறது என்பதை மற்ற நடிகர்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. அவர்கள் முகத்தில் தெரியும் அருவருப்பில் பாதி நிஜம்.

எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஆனால் பார்த்து முடித்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். விண்கலத்தில் நான் எங்கே போய் ஏறப்போகிறேன்? அந்த ஜந்துவுக்கு என் வீட்டு விலாசம் தெரியாது.

சரி, இன்றைக்கும் விடாமல் துரத்தும் படம்?

'ரிங்கு' (1998). ஹிடியோ நகாட்டா இயக்கிய ஜப்பானியப் படம். கோஜி சுசூகியின் நாவலிலிருந்து எடுத்தது. ஒரு வீடியோ கேசட், அதைப் பார்த்தவர்கள் ஏழே நாளில் செத்துப்போகிறார்கள். கதை அவ்வளவுதான். படத்தின் பெரும்பகுதியில் பயப்பட ஒன்றுமே இருக்காது. ஒரு பெண் நிருபர் அங்கே இங்கே போய் விசாரித்துக்கொண்டிருப்பார். கடைசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது ஒருவன் வீட்டு டிவி தானாக ஓட ஆரம்பிக்கும். திரையில் ஒரு கிணறு. கிணற்றிலிருந்து முகத்தை மறைத்த கூந்தலோடு ஒருத்தி ஏறி வருவாள். நம்மை நோக்கி நடந்து வருவாள். திரைக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்பாள் என்று நினைப்போம். நிற்கமாட்டாள். டிவியிலிருந்து தரையில் கைவைத்து வெளியே ஊர்ந்து வருவாள்.

அந்த நடை ஏன் அப்படி ஒவ்வாமல் இருக்கிறது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பேயாக, அதாவது சடாகோவாக வரும் நடிகை ரியே இனோவைப் பின்பக்கமாக நடக்கச் சொல்லிப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டியிருக்கிறார்கள். அதனால் அவள் முன்னால் வருகிறாள், ஆனால் அவள் உடம்பின் கனம் மட்டும் பின்னால் போகிறது. கண்ணுக்குக் காரணம் பிடிபடாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் முதுகுத்தண்டு சொல்லும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. படம் முடிந்த ராத்திரி கூடத்தில் டிவி இருக்கும் அறையிலேயே படுக்க வேண்டிய நிலை. எழுந்துபோய் டிவி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. போர்வை மூடிய டிவி, முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரியே இருந்தது. போதாததற்கு, அதன் சின்னச் சிவப்பு விளக்கு போர்வைக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தது. விடியும்வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சில படங்கள் மட்டும் ஏன் வருஷக்கணக்கில் மனதில் ஒட்டிக்கொள்கின்றன?

என் கணக்கு இதுதான்: வீட்டில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருளை எந்தப் படம் கெடுத்துவிடுகிறதோ, அந்தப் படம்தான் தங்கும். பேயின் முகம் நாளடைவில் மறந்துவிடும். ஆனால் டிவி, அலமாரி, கட்டிலுக்கடியில் இருக்கும் இருட்டு, குளியலறைத் திரை எல்லாம் தினமும் கண்ணில் பட்டு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறையை எத்தனை பேருக்குக் கெடுத்தது என்று சொல்லி மாளாது. அந்த ஷவர் காட்சியில் நடித்த ஜேனட் லீயே, அதைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதைத் தவிர்க்க ஆரம்பித்ததாகச் சொல்லியிருக்கிறார். கத்தி பொம்மை, ரத்தம் சாக்லேட் சிரப், ஒரு வாரம் நின்று நனைந்து எடுத்த காட்சி. எல்லாம் தெரிந்த அவருக்கே அந்தக் கதி.

1999-இல் ஜோன் கான்டர், கிறிஸ்டன் ஹாரிசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சுமார் 150 பேரிடம் சின்ன வயதில் பார்த்துப் பயந்த படத்தைப் பற்றிக் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேரிடம் ஒரு கதை இருந்தது. நாலில் ஒருவருக்கு அந்தப் பயம் அன்றைக்கும் போகவில்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) பார்த்துவிட்டுக் கடலில் மட்டுமல்ல, ஏரியிலும் நீச்சல் குளத்திலும்கூட இறங்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். நீச்சல் குளத்தில் சுறா வராது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். புத்திக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திடீரென்று சத்தம் போட்டுப் பயமுறுத்துவதும் பயம்தானே?

அது திடுக்கிடல். பலூன் வெடித்தாலும் திடுக்கிடுவோம், அதற்காகப் பலூனை நினைத்து ராத்திரி விழித்திருப்பதில்லை.

ஆனால் அந்த வித்தையை மட்டமாகவும் சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு நல்ல பிறப்புக் கதை உண்டு. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இருட்டில் சுவரோரமாக நடந்து போவாள். பின்னால் இன்னொருத்தி தொடர்கிறாள். இருவரின் குதிகால் செருப்புச் சத்தம் மட்டும் மாறிமாறிக் கேட்கும். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடும். முன்னால் போகிறவள் ஓட ஆரம்பிப்பாள், திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சட்டென்று சீறல் சத்தம்! பார்த்தால் ஒரு பஸ் வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றைக்கும் 'லூட்டன் பஸ்' என்றே சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த பஸ் வேலை செய்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் இருந்த நீண்ட அமைதி. இப்போது பல படங்களில் அமைதியை எடுத்துவிட்டு பஸ்ஸை மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக விடுகிறார்கள்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பயம் போய்விடும் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. ஜான் கார்பென்டர் தன் 'ஹாலோவீன்' (1978) படத்தை இசை சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மாவுக்குத் துளி பயம்கூட வரவில்லை. பிறகு கார்பென்டரே உட்கார்ந்து பியானோவில் அந்த இசையை அமைத்தார். ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டு என்று ஓடும் தாளம், காலை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி நம்மைத் தடுமாற வைக்கும். அதைப் போட்டதும் அதே படம் வேறு படமாகிவிட்டது.

ஹிட்ச்காக்கும் 'சைக்கோ'வின் ஷவர் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல் வயலின்களைக் கிறீச்சிட வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ஹிட்ச்காக் தன் தவறை ஒப்புக்கொண்டார்.

பேயைக் காட்டாமலேயே பயமுறுத்த முடியுமா?

முடியும், அதுதான் கஷ்டமான வேலை. சில சமயம் அது தற்செயலாகவும் அமைந்துவிடும். 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமல், தண்ணீருக்குள்ளிருந்து சுறா பார்ப்பது போலவும், மிதக்கும் பீப்பாய்களை வைத்தும் காட்சிகளை எடுத்தார். மிச்சத்தை இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரம் பார்த்துக்கொண்டது. சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் படம் இந்த அளவுக்கு நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேண்டுமென்றே காட்டாமல் விட்டதில் எனக்கு முதலிடம் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999). மூன்று இளைஞர்கள் கேமராவோடு காட்டுக்குள் போய் வழிதவறுகிறார்கள். சூனியக்காரியைப் பற்றிய கதைகளைக் கேட்கிறோம், அவளை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. படத்தின் ஆரம்பத்தில் ஊர்க்காரர் ஒருவர் போகிறபோக்கில் ஒன்று சொல்வார்: குழந்தைகளைக் கொன்றவன் ஒரு குழந்தையைக் கொல்லும்போது இன்னொன்றை மூலையைப் பார்த்து நிற்க வைப்பானாம். நாம் அதை மறந்தே போவோம். கடைசிக் காட்சியில் ஒரு பாழடைந்த வீடு, கீழ்த்தள அறை, அலறல், ஆடும் கேமரா. அறையின் மூலையில் அவர்களில் ஒருவன் சுவரைப் பார்த்து அசையாமல் நிற்கிறான். அவ்வளவுதான், கேமரா கீழே விழுகிறது, படம் முடிகிறது.

முதுகு மட்டும்தான் தெரிகிறது. ரத்தம் இல்லை, முகம் இல்லை. ஆனாலும் வகுப்பில் தண்டனையாக மூலையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் ஒரு குளிர் இறங்கும்.

'உண்மைச் சம்பவம்' என்று போடுகிறார்களே, நம்பலாமா?

நம்பாதீர்கள். ஆனால் படம் ஓடும்வரை நம்பினால் லாபம் உங்களுக்குத்தான்.

'பிளேர் விட்ச்' இந்த விஷயத்தில் எல்லோருக்கும் தாத்தா. படம் வருவதற்கு முன்பே இணையதளம் ஒன்றைத் திறந்து, மூன்று மாணவர்கள் நிஜமாகவே காணாமல்போனது போலத் தகவல்களைப் போட்டார்கள். 'காணவில்லை' போஸ்டர் ஒட்டினார்கள். இணையம் புதிது, சரிபார்க்க யாருக்கும் வழி தெரியாது. அந்த மூன்று பேரும் நடிகர்கள், நன்றாகவே இருந்தார்கள். சொற்பப் பணத்தில் எடுத்த படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 25 கோடி டாலர் வசூலித்தது. ஓரென் பெலி தன் சொந்த வீட்டையே படப்பிடிப்புத் தளமாக்கி சுமார் 15,000 டாலரில் எடுத்த 'பாரானார்மல் ஆக்டிவிட்டி'யும் இதே பாதையில் வந்ததுதான்.

பழைய படங்கள் இப்போது பயமுறுத்துமா?

சிலது பயமுறுத்தாது. 1931-இல் வந்த 'டிராகுலா'வைப் பார்த்து இன்று யாரும் மிரளப்போவதில்லை. ஆனால் அதற்கும் ஒன்பது வருஷம் முந்தைய மௌனப்படமான 'நொஸ்ஃபெராட்டு'வில் மாடிப்படிச் சுவரில் ஏறிப்போகும் அந்த நிழல், நீண்ட விரல்களோடு, இன்னும் வேலை செய்கிறது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக அவர் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி நீதிமன்றமும் உத்தரவு போட்டது. தப்பிய பிரதிகளால்தான் நாம் பார்க்கிறோம். அழிக்கச் சொல்லியும் அழியாத ரத்தக்காட்டேரி. படத்துக்கு வெளியேயும் அது தன் குணத்தைக் காட்டிவிட்டது.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். தலை சுற்றுவதும் பச்சை வாந்தியும் இன்று சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் பயம் வேறு இடத்தில். மகளுக்கு என்ன நோய் என்று தெரியாமல் அந்தத் தாய் டாக்டர் டாக்டராக அலைகிறாளே, பரிசோதனைகளும் ஊசிகளுமாக அந்தச் சின்ன உடம்பைப் படுத்துகிறார்களே, அந்தப் பகுதி. இன்னொன்று, அந்தப் படுக்கையறையின் குளிர். வில்லியம் ஃபிரீட்கின் செட்டையே ராட்சதக் குளிர்சாதனங்கள் வைத்து உறையவைத்து எடுத்தார். நடிகர்கள் வாயிலிருந்து வரும் புகை நிஜம், நடுக்கமும் நிஜம்.

தமிழில் நல்ல பேய்ப்படமே இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் 'யாவரும் நலம்' (2009) பார்க்காதவர்கள். விக்ரம் குமார் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. புதிதாகக் குடிவந்த வீட்டில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் ஒரு டிவி சீரியல். அதில் நடப்பதெல்லாம் தன் குடும்பத்தில் அப்படியே நடக்கிறது என்பது மாதவனுக்கு மட்டும் உறைக்கிறது. சீரியலில் நல்லது நடக்கும்வரை சரி. கெட்டது நடக்க ஆரம்பித்தால்? அடுத்த எபிசோடுக்காக ஒருவன் வியர்த்துக்கொண்டு காத்திருப்பதை வைத்துப் பயமுறுத்த முடியும் என்று வேறு யாருக்குத் தோன்றும்! (ஆமாம், மறுபடியும் டிவிதான். எனக்கும் டிவிக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை.)

கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) இன்னொன்று. அதைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொன்னாலும் பார்க்காதவர்களுக்குத் துரோகம். மலையாளம் வரை போகத் தயாரென்றால் 'பூதகாலம்' (2022) பாருங்கள். ஒரு தாயும் மகனும், ஒரு வீடு, ஒரு துக்கம். இரண்டாம் பாதியில் மூச்சை விட மறந்துபோவீர்கள்.

காமெடிப் பேய்களைக் கேட்டால், 'காஞ்சனா' (2011) வகையறா தனி ரகம். பயந்து கத்துவதும் அடுத்த நொடி சிரிப்பதும் ஒன்றுக்கொன்று ரொம்ப தூரமில்லை. ஆனால் ராத்திரி கூடவே வீட்டுக்கு வராது.

பேயே இல்லாத படம் ஏதாவது?

'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991). ஆந்தனி ஹாப்கின்ஸ் மொத்தமே அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வருகிறார். ஆஸ்கர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

புதிய படங்களில் எது உங்களை ஆட்டிவைத்தது?

ஆரி ஆஸ்டரின் 'ஹெரெடிட்டரி' (2018). அதில் ஒரு காட்சி. பையன் ராத்திரி படுக்கையில் விழித்து எழுகிறான். அறை இருட்டு. இசை கிடையாது. கேமரா நகராது. நாமும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண் இருட்டுக்குப் பழகப் பழக, அவனுக்குப் பின்னால் சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஏதோ இருப்பது தெரிகிறது. ஒரு ஆள். அவன் அம்மா. சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

தியேட்டரில் அந்த இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தவில்லை. முதலில் வலது பக்கம் யாரோ 'ஐயோ' என்றார். கொஞ்சம் பொறுத்து முன்வரிசையில் ஒருவர். எனக்கு அப்போதும் தெரியவில்லை. மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தேடிய அந்த நாலைந்து விநாடிதான் என் வாழ்க்கையிலேயே மோசமான விநாடிகள். படம் எனக்கு எதையும் காட்டவில்லை, நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு பல மாசம் அறை விளக்கை அணைத்தால் முதலில் கூரை மூலையைத்தான் பார்ப்பேன்.

ஜேம்ஸ் வானின் 'தி கான்ஜூரிங்' (2013) படமும் அலமாரிக்குள்ளிருந்து கைதட்டும் அந்த இரண்டு கைகளுக்காக நினைவில் இருக்கும். குழந்தைகள் ஆடும் கண்ணாமூச்சி விளையாட்டையே கெடுத்துவிட்டார்கள், பாவிகள்.

இவ்வளவு அவஸ்தைப்பட்டு ஏன் பார்க்க வேண்டும்?

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அந்தப் படபடப்பு உடனே அடங்குவதில்லை. அப்படியே நிம்மதியாகவும் சந்தோஷமாகவும் மாறிவிடுகிறது. படம் முடிந்து வெளியே வரும் கூட்டம் அவ்வளவு கலகலப்பாகப் பேசிக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம் என்று உளவியலாளர்கள் சொல்வார்கள். கொரோனா காலத்தில் செய்த ஓர் ஆய்வு, பேய்ப்பட ரசிகர்கள் அந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத் தவித்ததாகச் சொன்னது. எங்கள் வீட்டில் என் பழக்கத்துக்கு யாராவது முகம் சுளித்தால் நான் உடனே எடுத்துவிடும் ஆயுதம் இது.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் காட்டலாம்?

வயதைவிடப் பிள்ளையைப் பாருங்கள். தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். 'போல்டர்கைஸ்ட்' (1982) படத்துக்கு அமெரிக்காவில் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்றுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கோமாளி பொம்மை ஒரு தலைமுறைக்கே கோமாளிகளைப் பிடிக்காமல் செய்துவிட்டது. பொம்மை பார்த்தபோதுகூடப் பயமில்லை. அடுத்த தடவை திரும்பும்போது நாற்காலி காலியாக இருந்ததுதான் பயம்.

பார்த்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. என்ன செய்ய?

படம் முடிந்த கையோடு படுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது வேறு ஏதாவது பாருங்கள், யாருடனாவது பேசுங்கள். எனக்குக் கைகொடுப்பது படம் எப்படி எடுத்தார்கள் என்ற வீடியோ. மேக்கப்போடு பேய் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

ராத்திரி விழித்தும் கைகால் அசைக்க முடியாமல், யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தால் அது படத்திலிருந்து வந்த பேய் இல்லை. நாம் 'அமுக்குவான்' என்று சொல்வது அதைத்தான். கனவு காணும் கட்டத்தில் உடம்பின் தசைகளை மூளை தற்காலிகமாக முடக்கி வைக்கும். சில சமயம் உடம்புக்கு முன்னால் நினைவு விழித்துக்கொள்கிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிஷத்திலோ விட்டுவிடும். தூக்கம் கெட்ட நாட்களில் அதிகம் வரும் என்பதால், படத்தை வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தூங்கிக்கொள்ளலாம்.

இப்போதும் டிவியைப் போர்வை போட்டு மூடுகிறீர்களா?

இல்லை. இப்போதிருக்கும் டிவி சுவரில் மாட்டியது, இரண்டு விரல் தடிமன். உள்ளிருந்து ஒருத்தி வருவதற்கு இடமே கிடையாது. ஆனால் படுக்கப் போகும்போது சுவிட்ச்சோடு அணைத்துவிட்டுத்தான் போவேன். மின்சாரம் மிச்சமாகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.